துரைக்கு வைத்த சோறு

பிப்ரவரி 4

சின்னவளுக்குப் பெரியக்கா எழுதுவது.

நாங்கள் மூவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். அங்கே நீயும் கொழுந்தனும் சுகம்தானே? அத்தைக்கு மட்டும் வண்டியில் உட்கார்ந்து வந்த அசதி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். லாரி கம்பெனி கொடுத்திருக்கும் வீடு நல்ல விசாலம். மூன்று அறை, பின்னால் சிமெண்டுத் தரை போட்ட முற்றம். நாய் வளர்க்கக் கூடாது என்று மட்டும் வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கிளம்பிய அன்று காலையில் உங்கள் பெரியவர் துரையை உன் வீட்டில் கொண்டுவந்து கட்ட வேண்டியதாயிற்று. முன்கூட்டிச் சொல்லவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாயாம். சொல்லியிருந்தால் மட்டும் வாசலில் வந்து வரவேற்றிருப்பாயா என்ன? ஒன்பது மாதம்தான். அதற்குப் பிறகு இவரை அங்கேயே திரும்ப மாற்றிவிடுவார்கள்.

துரைக்குக் காலையில் பாக்கெட் பிஸ்கட், அந்த நீல நிறப் பை, வேறு எதுவும் வேண்டாம். மத்தியானம் எலும்பில்லாத கோழிக்கறி, வேகவைத்தது. ராத்திரி பாலும் ஒரு முட்டையும். உன் வீட்டில் மிஞ்சுவதை அவன் தட்டில் கொட்டாதே. அவன் அதையெல்லாம் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான், நீதான் வீணாக வருத்தப்படுவாய். செலவைக் கொழுந்தன் பார்த்துக்கொள்வார், அண்ணனுக்காக இதுகூடச் செய்ய மாட்டாரா?

ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதியே கேள். போனில் பேசினால் உனக்கும் எனக்கும் வார்த்தை தடித்துவிடும். வழக்கம்போலக் கடைசியில் இரண்டு வரி அத்தைக்கு விட்டிருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியக்கா

அத்தை எழுதுவது: நல்லாயிருக்கோம். முட்டி வலி. வாயில்லாத ஜீவன், வயித்துக்கு வஞ்சனை பண்ணாத. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.


பிப்ரவரி 15

பெரியக்காவுக்குச் சின்னவள் எழுதுவது.

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். எங்கள் சுகத்தையும் கேட்டிருந்தீர்கள். கேட்டதற்காகச் சொல்கிறேன். போன வருஷம் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் ஆண்டு விழா நடக்கும்வரை சுகமாகத்தான் இருந்தோம்.

அன்றைக்கு நூற்று எண்பது பேருக்குச் சமைத்தேன். நீங்களும் பெரியவரும் லாரி கம்பெனி சார்பில் விருந்தாளியாக வந்தீர்கள். முதலாளிக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டு, "இதை நாய்கூடத் திங்காது" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தீர்கள். முதலாளி தட்டைக் கீழே வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து அவரைச் சுற்றி நின்றவர்களும் வைத்தார்கள். மறு வாரம் கேன்டீன் சாவி வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. ஆறு வருஷம் நான் நின்ற அடுப்பு அது. இப்போது கோழிக்கடையில் காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டு கோழி கழுவுகிறேன். நகக்கண்ணில் இருக்கிற ரத்தம் எத்தனை சோப்புப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது.

எனக்காகப் பேச ஆள் இல்லை. உங்கள் கொழுந்தன் தெருமுனைப் பூட்டுக்கடையில் உட்கார்ந்து ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறப்பார், அண்ணன் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். இப்போது பாருங்கள், நீங்களே எனக்கு ஒரு சாட்சியைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நாலு கால் சாட்சி.

நீலப் பை பிஸ்கட் வாங்கினால் மாசக் கடைசியில் நாங்களும் அதையேதான் தின்ன வேண்டியிருக்கும். அதனால் வாங்கவில்லை. கடையில் கோழிக் கழுத்தும் காலும் இரைப்பையும் ஒரு வாளியில் விழும். எங்கள் பக்கம் அதை யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் சாயங்காலம் குழி தோண்டிப் புதைப்பார். வாளியை எனக்குக் கொடுங்கள் என்றேன். "எடுத்துக்கம்மா, எனக்குக் குழி வெட்டுற வேலை மிச்சம்" என்றார்.

துரை மூன்று நாள் பட்டினி கிடந்தான். உங்கள் வளர்ப்பு, ரோஷத்துக்குக் கேட்பானேன். நாலாம் நாள் தட்டை மோந்தான். பிறகு தட்டு தரையில் தேய்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இனி அவனுக்கு என் சமையல்தான். நீங்கள் திரும்பி வருகிற அன்று இந்தத் தெரு முழுக்கக் கூடி நின்று பார்க்கட்டும். அதற்காகத்தான் சமைக்கிறேன், உங்கள் நாய் மேல் உள்ள பிரியத்தால் இல்லை.

அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்குப் பெரியக்கா.

இங்கே எல்லாரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று கேட்கத் தேவையில்லை, உன் கடிதத்திலேயே ரத்தக்கொதிப்பு தெரிகிறது.

ஒரு விளையாட்டுப் பேச்சை இத்தனை மாதமா அடைகாப்பாய்? நான் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு முதலாளி சமையல்காரியை மாற்றுவார் என்றால், அவருக்கு ஏற்கெனவே மனதில் அப்படி ஓர் எண்ணம் இருந்திருக்கும். நான் இல்லாவிட்டால் இன்னொருத்தி சொல்லியிருப்பாள். அதற்குப் போய் என் மேல் பழியைப் போடுகிறாய்.

துரைக்குக் கோழிக்காலா? அவன் தெருநாய் இல்லை. குட்டியில் அவனை என் புடவை மடியில் வைத்துத் தூங்கவைத்திருக்கிறேன், தெரியுமா? அவனுக்கு ஏதாவது ஆயிற்று என்றால் உன்னைச் சும்மா விட மாட்டேன். அவனைப் படம் எடுத்து அனுப்பு. எலும்பும் தோலுமாக இருந்தால் உங்கள் பெரியவரை அனுப்பி அன்றைக்கே அழைத்துக்கொள்வேன், பலகையாவது மண்ணாவது.

கொழுந்தனை விசாரித்ததாகச் சொல்.

பெரியக்கா

அத்தை எழுதுவது: கழுத்தெலும்பை எடுத்துட்டுப் போடு, தொண்டையில குத்தும். பெரியவ உன் கடுதாசியப் படிச்சிட்டு ஒரு நாள் பூரா பாத்திரத்தப் போட்டு உருட்டுனா.


ஏப்ரல் 2

பெரியக்காவுக்குச் சின்னவள்.

அனைவரும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முக்கியமாக நீங்கள். நான் பார்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, அதுவரை நீங்கள் கண்ணும் காதும் கெடாமல் இருக்க வேண்டும்.

படம் வைத்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரர் உங்கள் கொழுந்தன் கடைக்கே வந்து எடுத்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார், இவ்வளவு அழகான நாயை எடுத்ததில்லையாம். முதுகைப் பாருங்கள். நீங்கள் விட்டுப்போனபோது அவனுக்குச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது, வாலடியில் சொட்டை. நீலப் பையும் பாலும் கொடுத்த லட்சணம் அது. பதினாறு கிலோ இருந்தவன் இப்போது இருபது. கால்நடை டாக்டர் அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும்மா சமைக்கிறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அதை இரண்டாம் தடவையும் சொன்னேன், அவருக்குக் கேட்டிருந்தும்.

எப்படி என்று கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். கழுத்தைக் குக்கரில் வேகவைத்து, ஆறினதும் சதையைக் கையால் உருவி, ஒரு முள் விடாமல் எலும்பை எடுத்துவிடுகிறேன். அதற்கே ஒரு மணி நேரம் போகிறது. காலைத் தனியாகச் சின்னத் தீயில் வைத்தால் சாறு பசைபோல இறுகும், மேலே மிதக்கிற கொழுப்பை வழித்து எறிந்துவிட வேண்டும். அந்தச் சாற்றில் குருணை அரிசி. காய்கறிக்கடைக்காரம்மா சாயங்காலம் கழித்துப் போடுகிற பூசணித் துண்டு, நுனி கறுத்த காரட். ஈரல் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு விரல் அளவு, அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும். முட்டை ஓட்டைக் கழுவி வறுத்து மாவாகப் பொடித்து அரைக் கரண்டி. உப்பும் மசாலாவும் கிடையாது. உப்பும் மசாலாவும் இல்லாமலே அவன் அப்படித் தின்கிறான் என்றால், அவை இருந்து தின்றவர்களுக்கு எப்படி ருசித்திருக்கும் என்று யோசியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா நேற்று அடுக்களை வாசலில் நின்று, "மணக்குதே, யாராவது விருந்தாளியா?" என்றார். ஆமாம், என் ஓரகத்தி வீட்டு நாய்க்கு விருந்து என்றேன்.

அத்தைக்கு என் விசாரிப்பு.

சின்னவள்


ஜூன் 18

அன்புள்ள சின்னவளுக்குப் பெரியக்கா எழுதுவது.

நலமாக இருக்கிறாயா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீடு மாறினோம். கம்பெனி வீட்டில் காற்றே வரவில்லை, அதனால் இங்கே சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடியைப் பிடித்திருக்கிறோம். புது முகவரியை உறையின் மேல் எழுதியிருக்கிறேன். போன் இணைப்பு இன்னும் மாற்றவில்லை. உங்கள் பெரியவருக்கு வேலை அதிகம், கொஞ்சம் இளைத்திருக்கிறார், மற்றபடி குறையில்லை.

துரையின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே பக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. பாவம், கையில் ஒன்றும் இல்லாதவர்கள். அவர்களும் நாய் வைத்திருக்கிறார்கள். நீ எழுதியதை அந்தப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அவள் அளவு கேட்கிறாள். எவ்வளவு கழுத்துக்கு எவ்வளவு குருணை, தண்ணீர் எத்தனை பங்கு, பூசணி எப்போது போட வேண்டும். உனக்கு நேரம் இருந்தால் எழுது. அவசரம் இல்லை. ஆனால் இந்த வாரம் எழுதினால் நல்லது.

வெயிலில் கடையில் நிற்கிறாய், தண்ணீர் நிறையக் குடி.

பெரியக்கா

அத்தை எழுதுவது: மாடிப்படி ஏற முடியல, ஏறினா இறங்க முடியல. நீ எப்படி இருக்க? சின்னவன் கடைக்கு ஒழுங்காப் போறானா?


ஜூன் 27

பெரியக்காவுக்குச் சின்னவள்.

எல்லாரும் நலமா? நாங்கள் மிக நலம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இன்னும் நலம்.

நீங்கள் என்னிடம் சமையல் கேட்கிற நாளும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்காகவே இருக்கட்டும், கேட்டது உங்கள் கையெழுத்து. அந்தக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் இரண்டு நாள் கோழி கழுவினேன். கடைக்காரர், "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டார்.

அளவு இதுதான். துரைக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கழுத்து, ஆறு கால், இரண்டு பிடி குருணை. குருணைக்கு நாலு பங்கு சாறு ஊற்ற வேண்டும், கஞ்சிப் பதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். பூசணியை அரிசி முக்கால் வெந்த பிறகு போட்டு மூடி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்தச் சூட்டிலேயே குழையும், கேஸ் மிச்சம். சதையைக் கடைசியில்தான் கலக்க வேண்டும், முன்னாலேயே போட்டால் நார்நாராகப் போய்விடும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, ஆறு வருஷம் நூற்று எண்பது பேருக்கு நான் செய்து கற்றது. அந்தப் பெண்ணிடம் யார் சமையல் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அவள் நாய் எத்தனை கிலோ இருக்கும்? ஒன்றுதானா?

அத்தையைப் படியேற விடாதீர்கள்.

சின்னவள்


ஜூலை 14

அன்புள்ள சின்னவளுக்கு.

சுகம்தானே? நீ எழுதியபடியே செய்து பார்த்தாளாம். நன்றாக வந்தது என்றாள்.

நாய் ஒன்று இல்லை, மூன்று. ஒன்று கிழடு, பல் கிடையாது. இன்னொன்று நாள் முழுக்க வெளியில் அலைந்துவிட்டு வருகிறது, அதற்கு வயிறு நிறைய வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறது. மூன்றாவதற்கு எது மிஞ்சினாலும் போதும். குளிர்ப்பெட்டி இல்லாமல் மறுநாள் காலைவரை கெடாமல் வைக்க வழி உண்டா? இன்னொன்று, வாரத்தில் பாதி நாள் கழுத்துக்கூடக் கிடைப்பதில்லை. இங்கே அதற்கும் விலை வைத்துவிட்டார்கள். கோழியே இல்லாத நாளில் அதே போலச் சத்தாக என்ன செய்யலாம்? இதை மட்டும் மறக்காமல் எழுது.

துரை வெயிலில் கிடக்காமல் பார்த்துக்கொள்.

பெரியக்கா

அத்தை எழுதுவது: சின்னவளே, நீ எழுதியனுப்பின பூசணிச் சோறு நேத்தும் செஞ்சா. பல்லில்லாட்டியும் வழுக்கிட்டு உள்ள போகுது. பெரியவன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். செஞ்சது அவளா இருந்தாலும் உன் கைமணம் தெரியுது. அடுத்து என்ன செய்யணும்னு சீக்கிரம் எழுது.


ஆகஸ்ட் 22

அன்புள்ள சின்னவளுக்கு.

உடம்புக்கு ஏதும் இல்லையே? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிள் கடை வாசலில் நின்றாலே எட்டிப் பார்க்கிறேன். போன கடிதம் வந்து சேர்ந்ததா? கோழி இல்லாத நாளைப் பற்றிக் கேட்டிருந்தேன். அந்தப் பெண் தினமும் கேட்கிறாள், எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கோபம் என்றால் திட்டியாவது எழுது.

பெரியக்கா

அத்தை எழுதுவது: ஏன் எழுதல? காய்ச்சலா?


செப்டம்பர் 1

பெரியக்காவுக்குச் சின்னவள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. நல்லபடியாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. தெரியும்.

கடிதத்தை எழுதி முடித்து அத்தையிடம் கொடுத்துவிடுவீர்கள், அவர் இரண்டு வரி எழுதி ஒட்டித் தபாலுக்குக் கொடுத்துவிடுவார், அதுதானே உங்கள் வீட்டு வழக்கம். ஜூலைக் கடிதத்தில் அவர் எழுதியதை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்து படித்தேன், துரைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மூன்று நாய். ஒன்றுக்குப் பல் கிடையாது. அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது. துரைக்கு ஒரு கை அதிகமாகவே வைத்தேன், என் சந்தோஷத்தில் அவனுக்கும் பங்கு வேண்டும் அல்லவா.

ஏழு வாரம் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வாசலைப் பார்த்துக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நீங்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். கேன்டீன் சாவி போன பிறகு நான் இரண்டு மாதம் கம்பெனியிலிருந்து ஆள் வருமா என்று அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோழியில்லாத நாளில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். வெறும் இருபது நிமிஷ வேலை, மூன்று பேருக்கு வயிறு நிறையும், பல்லில்லாதவர்களும் சாப்பிடலாம். ஆனால் சொல்ல மாட்டேன். முதலில் நீங்கள் பெட்டிக் கம்பெனி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நாலு வரி போதும். அன்றைக்குச் சொன்னது பொய், சாப்பாடு நன்றாக இருந்தது, பொறாமையில் சொன்னேன், என் பெயர் இன்னது. அது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகு நான் எழுதுகிறேன்.

அத்தை பெயரைச் சொல்லி என்னை இளக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கொழுந்தனிடம் இதைக் காட்டவில்லை. காட்டினால் அம்மாவை அழைத்து வர அன்றைக்கே வண்டியேறிவிடுவார், உங்களுக்கும் ஒரு தட்டு குறைந்துவிடும். அவ்வளவு சுலபமாக விடுவேனா?

சின்னவள்


செப்டம்பர் 20

சின்னவளுக்குப் பெரியக்கா எழுதுவது.

மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். உன்னையும் கொழுந்தனையும் துரையையும் விசாரித்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் லாரி கம்பெனி இந்தக் கிளையை மூடிவிட்டது. வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். உங்கள் பெரியவர் இப்போது மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற இடத்தில் எண்ணிக்கை பார்க்கிறார். ஆள் குறைந்த நாளில் மூட்டையும் தூக்குகிறார். கூப்பிட்டால்தான் வேலை. அத்தைக்கு இது எதுவும் தெரியாது, காற்றுக்காக மாடிக்கு வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சின்னவள் ஆசையாகச் சமையல் எழுதி அனுப்புகிறாள் என்று படியேறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

ஆண்டு விழா அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் இவர், என்னைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் ஆனவர், முதலாளியும் நாலு டிரைவரும் கேட்க, "நம்ம வீட்ல ஒரு நாள்கூட இப்படி ருசியாச் சாப்பிட்டதில்ல" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் உடம்பே எரிந்தது. இவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதனால் உன்னைச் சொன்னேன். சாவி போனது தெரிந்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். இதையும் தெரிந்துகொள்.

முதலாளிக்கு எழுதிவிட்டேன். நாலு வரி கேட்டாய், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக்காக இல்லை. உன் மேல் எனக்கு இப்போதும் கோபம்தான், பசித்தவளை மண்டியிட வைத்துக் கேட்கிறாய். பாதி நாள் வெறும் கஞ்சியைப் பார்த்து அத்தை, "சின்னவ எழுதலையா?" என்று கேட்கிறார். அதற்காக எழுதினேன்.

துரை நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதுதான் இந்த வருஷத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம். அதை நீ எந்தப் புத்தியில் செய்திருந்தாலும் சரி.

இந்த முறை அத்தைக்கு இடம் விடவில்லை.

பெரியக்கா


அக்டோபர் 12

பெரியக்காவுக்குச் சின்னவள் எழுதுவது.

அத்தைக்கு எப்படி இருக்கிறது? பெரியவருக்குத் தோள் வலி இருக்குமே, எண்ணெய் தேய்த்து விடுகிறீர்களா? நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன திங்கட்கிழமை முதலாளி ஆள் அனுப்பினார். சாப்பாட்டு நேரம், எல்லாரும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். புதுச் சமையல்காரரின் சோறு பாதித் தட்டில் அப்படியே கிடந்தது. கண்ணாலேயே தெரிந்தது, அரிசி வேகவில்லை. முதலாளி உங்கள் கடிதத்தைக் கணக்கரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பழி எல்லார் முன்னாலும் விழுந்தது, எல்லார் முன்னாலும்தான் போக வேண்டும் என்றார். முதல் பக்கம் முடிந்ததும் முதலாளி கேன்டீன் சாவியை என் கையில் கொடுத்தார், எல்லாரும் கை தட்டினார்கள். அட்டைப்பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிற பெண்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். ஒன்றரை வருஷமாக ராத்திரி பகல் நான் நினைத்துப் பார்த்தது அப்படியே நடந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பிறகு கணக்கர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார்.

அதை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. மூன்று நாய் கதையை நீங்களே எழுதியிருந்தீர்கள். அத்தைக்குப் பல்லில்லாததை, நாய்க்குச் சொன்ன முறையில் நீங்கள் ஆக்கிப் போட்டதை, அவர் என் கைமணம் என்று புகழ்ந்ததை. எனக்குத் தெரிந்தும் ஏழு வாரம் நான் பேசாமல் இருந்ததை. ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தீர்கள். ஒருவரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கம்பிப் பின் அடிக்கிற பெண்களில் ஒருத்தி, என்னோடு ஆறு வருஷம் டீ குடித்தவள், "ஏங்க்கா, கிழவி பட்டினின்னு தெரிஞ்சுமா?" என்று கேட்டாள். நான் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. ராத்திரி உங்கள் கொழுந்தனுக்குச் சோறு போட்டேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் சோற்றை விட்டு அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்குத் துரைக்கும் நான் சமைக்கவில்லை. அவன் என் காலில் வந்து படுத்துக்கொண்டான், அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தோடு விடுகிற ஆள் நான் இல்லை.

கோழியில்லாத நாளுக்கு: அவரைக்கொட்டையோ பயறோ ஏதாவது ஒன்றை முந்தின ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து மசித்து, குருணைக் கஞ்சியில் கலந்து, இறக்குகிற நேரத்தில் மூன்று முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். உப்புப் போடுங்கள், அரைக் கரண்டி மிளகு போடுங்கள். இது உங்கள் மூவருக்கு. இங்கே வர வண்டியேறும்வரை இதைச் சாப்பிடுங்கள்.

கேன்டீன் அடுப்பை ஒன்றாம் தேதி மறுபடியும் நான் பற்ற வைக்கிறேன். கூடமாட ஒரு ஆளை நானே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அது நீங்கள்தான். பெரியக்கா என்றெல்லாம் அங்கே கிடையாது, ஆறரை மணிக்கு வர வேண்டும், நான் சொன்னதைச் செய்ய வேண்டும், எல்லாரும் பார்க்கத்தான் செய்ய வேண்டும். மத்தியானச் சாப்பாடு அங்கேயே, வீட்டுக்கும் மூன்று தூக்குவாளி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு முன்னறையில் தங்கிக்கொள்ளுங்கள், துரை கொஞ்சம் ஒதுங்கிப் படுப்பான். உங்கள் வேலை வெங்காயம் உரிக்கிறது. தினமும் பன்னிரண்டு கிலோ. அதில் ஒரு வசதி இருக்கிறது, எவ்வளவு அழுதாலும் ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

அத்தைக்குப் படியிறங்கப் பெரியவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சின்னவள்


அக்டோபர் 19

சின்னவளுக்குப் பெரியக்கா.

மூவரும் நலம். முட்டைக் கஞ்சி நேற்று செய்தேன். மிளகு நீ சொன்னதைவிடக் கொஞ்சம் கூடப் போட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறோம். கொழுந்தனை ஸ்டேஷனுக்கு அனுப்பு, அத்தையை அவர்தான் தூக்கி இறக்க வேண்டும். துரை என்னைப் பார்த்து ஓடி வந்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

என் கத்தியை நானே கொண்டு வருகிறேன். உன் வீட்டுக் கத்தி என்றைக்குமே மழுங்கல்.

பெரியக்கா